களிமண்ணின் ஏடுகள்



ஆற்றுமணலில் மினுமினுக்கும் காக்காப்பொன்னைப் பொறுக்கி விளையாடியவர் உங்களுள் பலர் இருப்பீர்கள். நகத்தால் கிள்ளினால் அது ஏடு ஏடாகப் பிரியும். பிரித்த ஏட்டை மீண்டும் பிரிக்கலாம். விரல் நுனிக்கு அகப்படாத அளவு மெல்லியதாகும் வரையில் பிரித்துக்கொண்டே போகலாம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காக்காப்பொன் அன்று; வயலில் நம் காலில் ஒட்டிக்கொள்ளும் களிமண். ஆயினும் காக்காப்பொன்னிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. களிமண்ணும் ஏடு ஏடாக அமைந்த பொருளே. இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. அந்தக் குலத்தில் காக்காப்பொன் செல்வம் மிகுந்த மூத்தவர். களிமண், அச்செல்வத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டுவிட்ட இளையவர். அது என்ன செல்வம், எப்படிச் செலவாகிறது, செலவானது திரும்புமா என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் களிமண் என்றால் என்ன என்பதை வரையறுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரை 500 கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறு அளவினும் சிறிய துகள்களையே மண்ணியலார் களி என்று வழங்குகின்றனர். மணலும் வண்டலும் இவற்றினும் பெரியவை. களித்துகளைத் தனியே பிரிப்பது கடினமான காரியம் அன்று. மண்ணை நீரிற் கலக்கி ஓர் உயரமான கண்ணாடிச் சாடியில் நிறுத்திவைத்தால், பெரிய துகள்கள் விரைந்து படியும். 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையில், மேற்சொன்ன அளவுடைய துகள் 10 சென்டிமீட்டர் இறங்குவதற்குச் சுமார் 8 மணி நேரம் ஆகும். ஆகையால் 8 மணி நேரம் கழித்து மேல்நீரை 10 சென்டிமீட்டர் ஆழம் வரையில் எடுத்துக்கொண்டால், அதில் மிதப்பது களி மட்டுமே.

அந்தத் துகளின் உள்ளமைப்பு எத்தகையது? அதில் இருவகைத் தகடுகள் உண்டு. முதலாவது தகட்டில், ஒவ்வொரு சிலிக்கான் அணுவையும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்கள் நான்கு மூலைகளில் நின்று சூழ்ந்திருக்கும். இதனை நான்முகத் தகடு என்போம். இரண்டாவதில், ஒவ்வோர் அலுமினிய அணுவையும் ஆறு ஆக்ஸிஜன் அல்லது ஹைட்ராக்ஸில் தொகுதிகள் சூழ்ந்திருக்கும். ஆறு மூலைகளை உடைய அவ்வடிவத்துக்கு முகங்கள் எட்டு. ஆகவே இது எண்முகத் தகடு. இவ்விரு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி ஓர் ஏடு உண்டாகிறது.

ஒரு நான்முகத் தகடும் ஓர் எண்முகத் தகடும் இணைந்தால் கயோலினைட் என்னும் வெண்களியின் ஏடு கிடைக்கும். ஓர் ஏட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஏட்டின் தொடக்கம் வரையில் உள்ள தொலைவு ஏறக்குறைய 7 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் ஆகும். எண்முகத் தகடு நடுவில் இருக்க, அதன் மேலும் கீழும் நான்முகத் தகடுகள் பொருந்தினால் வேறு வகை ஏடு உண்டாகும். காக்காப்பொன்னின் ஏடும், இன்று நாம் சிறப்பாகக் காணப்போகும் இல்லைட், ஸ்மெக்டைட் என்னும் இரண்டு களிக்கனிமங்களின் ஏடுகளும் இந்த மூன்று தகட்டு வகையைச் சேர்ந்தவை.

ஏடுகள் ஒன்றாயின், கனிமங்கள் வேறாவது ஏன்? வேறுபாடு ஏட்டில் அதிகம் இல்லை. ஏடுகளுக்கு இடையில் இருக்கிறது.

சிலிக்கான் அணு நான்கு நேர்மின்னேற்றம் உடையது. அலுமினியம் மூன்றே உடையது. கனிமம் உருவாகும்பொழுது சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதிலாக அலுமினியம் அமர்ந்துவிடுகிறது. எண்முகத் தகட்டிலும் அலுமினியத்துக்குப் பதிலாக, இரண்டு மின்னேற்றமே உடைய மக்னீசியம் அமர்வதுண்டு. இவ்வாறு ஒவ்வொரு மாற்றத்திலும் நேர்மின்னேற்றம் ஒன்று குறைகிறது. ஏடு முழுவதும் எதிர்மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. அதனை ஈடுசெய்ய, இரண்டு ஏடுகளுக்கு நடுவே நேர்மின் அயனிகள் வந்து தங்குகின்றன.

காக்காப்பொன்னில் இப்படித் தங்கியிருப்பது பொட்டாசியம். ஏட்டின் முகத்தில் ஆக்ஸிஜன் அணுக்கள் ஆறு ஆறாக வளையமிட்டு நிற்கும். அவ்வளையத்தின் நடுவிலுள்ள குழி, பொட்டாசிய அயனிக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. பாதி மேலேட்டின் குழியிலும் பாதி கீழேட்டின் குழியிலுமாக அமர்ந்து, அது இரண்டு ஏடுகளையும் இறுகப் பிணைத்துவிடுகிறது. நீர் உள்ளே புக இடமில்லை. ஏடுகளின் இடைத்தொலைவு 10 ஆங்ஸ்ட்ராம். ஈரத்திலும் 10, வறட்சியிலும் 10. இல்லைட் என்னும் களியிலும் இதே நிலைதான். காக்காப்பொன்னைவிட அதில் மின்னேற்றம் சற்றுக் குறைவு. பொட்டாசியமும் சற்றுக் குறைவு.

ஸ்மெக்டைட்டில் மின்னேற்றம் இன்னும் குறைவு. பிணைப்பு தளர்ந்தது. ஏடுகளுக்கு இடையில் கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகிய அயனிகள் தம்மைச் சூழ்ந்த நீருடன் உட்புகுந்து குடியிருக்கின்றன. நீர் ஓர் அடுக்காக இருந்தால் இடைத்தொலைவு 12 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேல். இரண்டு அடுக்காக இருந்தால் ஏறக்குறைய 15. நனைந்தால் வீங்குவதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் இதன் இயல்பு. அயனிகள் எளிதில் இடம்மாறும். 100 கிராம் ஸ்மெக்டைட் 80 முதல் 150 மில்லி ஈக்விவலண்ட் அயனிகளைப் பரிமாறிக்கொள்ளும்; இல்லைட்டோ 10 முதல் 40 வரையில்தான்.

இதுவரை சொன்னது தனித்தனிக் கனிமங்களைப் பற்றி. பாடநூல்கள் பலவும் இந்த இடத்தில் நின்றுவிடும். ஆனால் வயலில் எடுத்த மண்ணைச் சோதித்தால், தூய இல்லைட்டோ தூய ஸ்மெக்டைட்டோ கிடைப்பது அரிது. ஒரே துகளுக்குள் இல்லைட் ஏடும் ஸ்மெக்டைட் ஏடும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதையே பெரும்பாலும் காண்கிறோம்.

நம் வீட்டு ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவடிகள் அவிழ்ந்து கீழே விழுந்துவிட்டன. யாரோ ஒருவர் இரண்டின் ஏடுகளையும் கலந்து ஒரே கயிற்றில் கோத்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சுவடி. பிரித்துப் படித்தால் ஓர் ஏட்டில் மருத்துவம், அடுத்த ஏட்டில் சோதிடம். இதனைத்தான் கலப்பேட்டுக் களிக்கனிமம் என்கிறோம். மருத்துவச் சுவடியையும் சோதிடச் சுவடியையும் ஒரே பெட்டியில் வைப்பது வேறு. ஏடுகளைக் கலந்து கோப்பது வேறு. முன்னது வெறும் கலவை. பின்னது ஒரு புதிய பொருள். இவ்வேறுபாட்டை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

ஒரு கலப்பேட்டுக் கனிமத்தின் அமைப்பைச் சொல்ல மூன்று செய்திகள் வேண்டும். எவ்வகை ஏடுகள் கலந்துள்ளன என்பது முதலாவது. எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பது இரண்டாவது. எந்த வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பது மூன்றாவது. முறையாக ஒன்றுவிட்டு ஒன்றாகவும் வரலாம். ஒழுங்கே இன்றியும் வரலாம். விகிதம் மாறினால் கனிமத்தின் இரசாயனமும் மாறும். இல்லைட் ஏடுகள் கூடக்கூடப் பொட்டாசியம் கூடும். ஸ்மெக்டைட் ஏடுகள் கூடக்கூட நீரும் பரிமாற்றத் திறனும் கூடும்.

கண்ணுக்குப் புலப்படாத இத்துணை நுண்ணிய அடுக்கை எவ்வாறு படித்தறிவது? அதற்கு வாய்த்த கருவி எக்ஸ்-கதிர். படிகத்தின் அணு அடுக்குகளில் பட்டு எக்ஸ்-கதிர் திரும்பும் கோணத்தைக் கொண்டு அடுக்குகளின் இடைத்தொலைவைக் கணக்கிடும் முறையை 1913-ல் பிராக் என்னும் தந்தையும் மகனும் வகுத்தனர். களிமண் உருவமற்ற கூழ் என்றே அந்நாளில் பலர் கருதியிருந்தனர். 1923, 1924 ஆண்டுகளில் ஸ்வீடனில் ஹாடிங் என்பவரும் ஜெர்மனியில் ரின்னே என்பவரும் களியை எக்ஸ்-கதிரில் வைத்து, அதுவும் படிகமே என்று காட்டினர். 1930-ல் லைனஸ் பாலிங் காக்காப்பொன்னின் ஏட்டமைப்பை விளக்கினார். இல்லைட், ஸ்மெக்டைட் என்பவற்றின் அமைப்பும் அதை ஒட்டியே விளங்கலாயிற்று.

கலப்பேடுகளைக் கண்டறியும் முறை எளியது; ஆனால் நுட்பமானது. களிநீரைக் கண்ணாடிச் சில்லின்மேல் ஊற்றி உலரவிட்டால், துகள்கள் பாய் விரித்தாற்போல் கிடையாகப் படியும். முதலில் அப்படியே எக்ஸ்-கதிரில் பார்க்க வேண்டும். பின்னர், எத்திலீன் கிளைகால் என்னும் நீர்மத்தின் ஆவியில் அதனை வைத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும். கிளைகால், ஸ்மெக்டைட் ஏடுகளின் நடுவே புகுந்து இடைத்தொலைவை 17 ஆங்ஸ்ட்ராமாக விரிக்கும். இல்லைட்டுக்குள் அதனால் புக முடியாது. அது 10-லேயே நிற்கும். இந்த உத்தியை 1945-ல் விளக்கியவர் இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய பிராட்லி என்னும் அறிஞர்.

தூய ஸ்மெக்டைட்டானால் 17-இல் ஒரு கோடும், அதன் பாதியான 8.5-இல் மற்றொரு கோடும் தோன்றும். தூய இல்லைட்டானால் 10-இல் ஒரு கோடு. இரண்டும் வெறுமனே கலந்திருந்தால், 8.5, 10 ஆகிய இரண்டு இடங்களிலும் தனித்தனிக் கோடுகள் தோன்றும். ஆனால் ஏடுகள் கலந்து கோக்கப்பட்டிருந்தால், 8.5-இலும் கோடு இராது, 10-இலும் கோடு இராது. இரண்டுக்கும் இடையே எங்கோ ஒரு கோடு தோன்றும். அக்கோடு 10-ஐ நெருங்கினால் இல்லைட் மிகுதி, 8.5-ஐ நெருங்கினால் ஸ்மெக்டைட் மிகுதி. கோடு நிற்கும் இடமே விகிதத்தைச் சொல்லிவிடுகிறது.

என் மாணவப் பருவத்தில் இதனை நான் அறியேன். முதன்முதலில் ஒரு மண்ணைச் சோதித்தபொழுது 9-க்குச் சற்று மேலே ஒரு கோடு வந்தது. அட்டவணையைப் புரட்டினேன், அந்த அளவுடைய களிக்கனிமம் எதுவும் அதில் இல்லை. சில்லைச் சரியாக வைக்கவில்லை என்று எண்ணி மூன்று முறை மீண்டும் செய்தேன். மூன்று முறையும் கோடு அதே இடத்தில் நின்றது. வெட்கத்தோடு ஆசிரியரிடம் எடுத்துச் சென்றேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "மூன்று முறை செய்தும் மாறவில்லை என்றால், தவறு கருவியில் இல்லை; அட்டவணையில் இருக்கிறது. இது ஒரு கனிமம் அன்று என்று ஏன் நினைத்துப் பார்க்கவில்லை?" என்றார். அன்று தொடங்கிய ஆர்வமே இன்று உங்கள்முன் என்னைப் பேசவைக்கிறது.

கோடு இடையில் நிற்பதன் கணிதக் காரணத்தை 1942-ல் ஹெண்ட்ரிக்ஸ், டெல்லர் என்னும் இருவர் வகுத்தளித்தனர். டெல்லர் பிற்காலத்தில் ஹைட்ரஜன் குண்டோடு இணைத்துப் பேசப்பட்ட அதே எட்வர்டு டெல்லர்தான். ஹெண்ட்ரிக்ஸோ அமெரிக்க விவசாய இலாகாவில் பணியாற்றியவர். செடிகள் ஒளியை உணர்ந்து பூக்கும் பருவத்தை அறிய உதவும் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமியைக் கண்டறிந்த குழுவிலும் பின்னர் இருந்தவர். பிரான்ஸ் நாட்டின் மேரிங் 1949-ல் இக்கருத்தை மேலும் தெளிவாக்கினார். ஏடுகள் ஒழுங்காக ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்தால் நிலைமை வேறு. அப்பொழுது 10-ம் 17-ம் சேர்ந்து 27 ஆங்ஸ்ட்ராமில் ஒரு புதிய கோடே தோன்றிவிடும். இவ்வாறு ஒழுங்காக அமைந்த கனிமம் ஒன்றுக்கு 1891-லேயே அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ரெக்டொரைட் என்று பெயரிட்டிருந்தனர். அதன் ஏடுகள் மாறி மாறி அமைந்தவை என்பது பின்னரே தெரிய வந்தது.

இனி இந்த அறிவால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். அதற்கு விடை காண உங்களை ஒரு சோளக்கொல்லைக்கு அழைத்துச் செல்கிறேன்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்னும் ஊரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. இல்லைட் என்னும் பெயர் பிறந்ததே அம்மாநிலத்தில்தான். 1937-ல் கிரிம், பிரே, பிராட்லி என்னும் மூவர், களிப்பாறைகளில் காணும் காக்காப்பொன் இனத்துக் களிகளுக்குப் பொதுப்பெயராக, தம் மாநிலத்தின் பெயரையே சூட்டினர். அந்தப் பல்கலைக்கழகத்தின் நடுவே, கட்டடங்கள் சூழ, ஒரு சிறு மக்காச்சோள வயல் இருக்கிறது. மோரோ வயல்கள் என்பது அதன் பெயர். 1876-ல் தொடங்கியது. ஒரே நிலத்தில் நெடுங்காலம் பயிரிட்டால் மண் என்னவாகும் என்று காண்பதற்காக ஏற்பட்ட அமெரிக்கச் சோதனை வயல்களுள் இதுவே மிகப் பழையது. முதலில் அரை ஏக்கர் அளவுள்ள பத்துத் துண்டுகள் இருந்தன. இன்று எஞ்சியவை மூன்று. 1969-ல் அதன் அருகே ஒரு நூலகம் எழுப்பியபொழுது, கட்டடத்தின் நிழல் பயிரின்மேல் விழக்கூடாது என்பதற்காக, நூலகத்தையே தரைக்குக் கீழே கட்டினார்கள்.

ஒரு துண்டில் 1876 முதல் ஆண்டுதோறும் மக்காச்சோளம் மட்டுமே விளைகிறது. மற்றவற்றில் பயிர் மாற்றிப் பயிரிடுகிறார்கள். 1904-ல் துண்டுகளைப் பகுத்து, சில பகுதிகளுக்கு எருவும் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்டார்கள். சிலவற்றுக்கு ஒன்றும் இடவில்லை. 1955 முதல், ஒன்றும் பெறாதிருந்த நிலத்தின் ஒரு பகுதிக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் கலந்த உரம் இடலாயினர். இவற்றையெல்லாம்விடப் போற்றத்தக்கது வேறொன்று. அவ்வப்பொழுது மண்ணை எடுத்துப் புட்டிகளில் அடைத்துச் சேமித்து வைத்தார்கள். அவற்றுள் 1913-ஆம் ஆண்டின் மண்ணும் உண்டு. அதை எடுத்து வைத்தவர்களுக்கு எக்ஸ்-கதிரால் களியைச் சோதிக்கும் முறை தெரியாது. அது அன்று பிறக்கவே இல்லை. என்றோ ஒருநாள் யாருக்கோ பயன்படும் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களிடம் இருந்தது.

அந்த நாள் வந்தது. பாரிஸ் நகரின் களியியல் அறிஞர் புரூஸ் வெல்டேயும், இல்லினாயின் மண்ணியல் அறிஞர் பெக்கும் அப்புட்டிகளைத் திறந்து, களியைப் பிரித்து, எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்தனர். 2002-ல் தம் முடிவை வெளியிட்டனர். உரமின்றி ஆண்டுதோறும் மக்காச்சோளமே விளைந்த பகுதியில், 1913 முதல் 1950-களுக்குள், கலப்பேட்டுக் களியில் இல்லைட்டின் பங்கு குறைந்துவிட்டிருந்தது. பயிர் மாற்றிச் செய்த பகுதியில் அத்தகைய இழப்பு இல்லை. 1955-க்குப் பின் பொட்டாசியம் சேர்ந்த உரம் பெற்ற நிலத்தில் இல்லைட் மீண்டும் கூடியிருந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று சிந்தியுங்கள். பாறை கனிமமாவதும், கனிமம் களியாவதும் ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான ஆண்டுகள் செல்லும் நிகழ்ச்சிகள் என்று படித்திருக்கிறோம். பூமியின் ஆழத்தில் அது மெய்யே. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் துளையிட்டு எடுத்த களிப்பாறைகளை ஆராய்ந்து, ஆழமும் வெப்பமும் ஏற ஏற, ஸ்மெக்டைட் ஏடுகள் இல்லைட் ஏடுகளாக மாறுவதை ஹோவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1976-ல் காட்டினர். ஆனால் வயலின் மேல்மண்ணில், ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள்ளாகவே, பயிரின் வேர்கள் களியின் ஏடுகளையே மாற்றி எழுதிவிட்டன. நாம் பயிரிடுவது மண்ணின்மேல் மட்டும் நிகழும் செயல் அன்று. மண்ணின் கனிமத்துக்குள்ளேயும் அது நிகழ்கிறது.

எவ்வாறு நிகழ்கிறது? வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்நீரிலிருந்து பொட்டாசியத்தை உறிஞ்சுகிறது. நீரில் அது குறைந்தவுடன், ஏடுகளின் புறத்தே ஒட்டியிருந்த பொட்டாசியம் நீருக்கு வருகிறது. அதுவும் குறைந்தால், இல்லைட் ஏடுகளின் ஓரங்களிலிருந்து, குழிகளில் அமர்ந்திருந்த பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தில் கால்சியம் நீருடன் நுழைகிறது. பிணைப்பு தளர்ந்து, 10 ஆங்ஸ்ட்ராம் ஏடு விரியும் ஏடாகிறது. எல்லா ஏடுகளும் ஒருங்கே விரிவதில்லை. ஒன்று விரிய, அடுத்தது இறுகியே நிற்கும். ஆகவே கலப்பேடு தோன்றுகிறது. மறுபுறம், பொட்டாசியம் மிகுந்து, மண் நனைந்தும் காய்ந்தும் மாறி மாறி வரும்பொழுது, மின்னேற்றம் மிகுந்த ஏடுகள் பொட்டாசியத்தைப் பற்றிக்கொண்டு மூடிக்கொள்கின்றன. களி ஒரு களஞ்சியம் போன்றது. ஆனால் அதன் கதவு மெல்லவே திறக்கும், மெல்லவே மூடும்.

இந்தக் களஞ்சியத்தின் அளவைக் காண ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் கிலோ எடையுள்ளது. அதில் கால்பங்கு களி என்று கொண்டால் 5 லட்சம் கிலோ. களியில் பாதி கலப்பேட்டுக் கனிமம் என்றால் இரண்டரை லட்சம் கிலோ. அக்கனிமத்தில் பொட்டாஷின் அளவு 5 சதவிகிதத்திலிருந்து 4 சதவிகிதமாக இறங்கினால், வெளியேறியது 2,500 கிலோ பொட்டாஷ். ஆண்டுக்கு 30 கிலோ வீதம் பயிர் எடுத்துச் சென்றால், இது 83 ஆண்டுகளுக்குப் போதும். 50 கிலோ எடையுள்ள மூரியேட் ஆஃப் பொட்டாஷ் மூட்டையில் 60 சதவிகிதம் பொட்டாஷ் இருக்கிறது. அதாவது 30 கிலோ. ஆகவே ஆண்டுக்கு ஒரு மூட்டை உரத்தை, 83 ஆண்டுகள், நிலம் நமக்குக் கேளாமலே கடன் கொடுத்திருக்கிறது. கணக்கு நம்முடைய கற்பனையே. ஆயினும் கடனின் அளவை அது உணர்த்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மண் பரிசோதனை நிலையங்களில் வழக்கமாக அளப்பது, அம்மோனியம் அசிடேட் கரைசலால் எளிதில் வெளிவரும் பொட்டாசியத்தையே. இல்லைட் ஏடுகளுக்குள் பூட்டியிருக்கும் பொட்டாசியத்தை அச்சோதனை காண்பதில்லை. கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தால் சாறிறக்கினால்தான் அதில் ஒரு பகுதியாவது தெரியும். பயிர் எடுக்க எடுக்க, உள்ளிருப்பது வெளியே வந்து ஈடு செய்வதால், சோதனைத்தாளில் அதே எண் ஆண்டுதோறும் வரக்கூடும். கைப்பணம் குறையவில்லை என்று மகிழ்ந்திருப்போம், பெட்டிப்பணம் கரைந்துகொண்டிருக்கும்.

அறிஞரிடையே கருத்து வேற்றுமை உள்ள ஓரிடத்தையும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1984-ல் ஸ்காட்லாந்தில் நடோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு புதுக்கருத்தை வெளியிட்டனர். களியை நீரில் முற்றிலும் பிரித்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், 10 ஆங்ஸ்ட்ராம் தடிமனுள்ள ஒற்றை ஏடுகளும், பொட்டாசியத்தால் பிணைந்த 20 ஆங்ஸ்ட்ராம் இரட்டை ஏடுகளுமே தென்படுகின்றன; உலரும்பொழுது இவை ஒன்றன்மேல் ஒன்று படிவதால்தான் எக்ஸ்-கதிருக்குக் கலப்பேடு போலத் தோன்றுகிறது என்பது அவர்கள் கூற்று. அதாவது, கலப்பேட்டுச் சுவடி என்று நாம் கொண்டது, கட்டப்படாத ஏடுகளின் குவியலே என்றனர். கலப்பேடுகள் படிகத்துக்குள்ளேயே இருப்பதைக் காட்டும் மைக்ராஸ்கோப் படங்களும் வேறு ஆய்வுகளில் கிடைத்துள்ளன. எந்தப் பக்கம் நின்றாலும், கோட்டின் இடம் மாறினால் பொட்டாசியம் மாறியிருக்கிறது என்பதில் ஐயமில்லை.

நம் நிலங்களுக்கு வருவோம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், கோடையில் கால் நுழையும் அளவு வெடிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஸ்மெக்டைட் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. செம்மண்ணில் கயோலினைட் மிகுதி. அதனிடம் பொட்டாசியத்தைப் பூட்டிவைக்கும் குழிகள் இல்லை. ஆகவே எல்லா மண்ணுக்கும் ஒரே அளவு உரம் என்று விதிப்பது அறிவுக்குப் பொருந்தாது. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. நெல்லை விற்பதால் நிலம் இழப்பது சிறிது. வைக்கோலை வண்டியேற்றி அனுப்புவதால் இழப்பது பெரிது. வைக்கோல் மாட்டுக்குப் போய், சாணம் வரட்டியாகி, வரட்டி அடுப்பில் எரிந்து, சாம்பல் குப்பைமேட்டில் கொட்டப்பட்டால், களியின் ஏடுகளிலிருந்து வந்த பொட்டாசியம் வயலுக்குத் திரும்பவே இல்லை. அவரைப் பந்தலுக்கும் கத்தரிச் செடிக்கும் அடுப்புச் சாம்பலைத் தூவிய நம் பாட்டிமார், பெயர் தெரியாமலே பொட்டாஷ் உரம் இட்டவர்கள். பொட்டாஷ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கே பானைச்சாம்பல் என்பதுதான் பொருள்.

நம் நாடு பொட்டாஷ் உரத்துக்குப் பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. பயிரைப் பச்சையாக்கும் யூரியாவின் பயன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே உழவர் அதனை விரும்பி இடுகின்றனர். பொட்டாசியம் இடாததன் கேடு உடனே தெரிவதில்லை. அதைக் களி தன் உடலிலிருந்தே எடுத்துக் கொடுத்து மறைத்துவிடுகிறது. கேடு வெளிப்படும்பொழுது, செய்தவர் ஒருவராகவும் அனுபவிப்பவர் வேறொருவராகவும் இருப்பர்.

விவசாயக் கல்லூரிக்கும் விஞ்ஞானக் கல்லூரிக்கும் செல்லவிருக்கும் மாணவர்களே, உங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. உங்கள் ஊர் வயலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உலர்த்தி, ஒரு கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள். எந்த நிலம், எத்தனை அங்குல ஆழம், எந்த ஆண்டு, என்ன பயிர், என்ன உரம் என்று தெளிவாக எழுதி ஒட்டி, உங்கள் பள்ளியின் அலமாரியில் வையுங்கள். 1913-ல் அர்பானாவில் அப்படிச் செய்தவர்களால்தான், களியின் ஏடுகள் உழவனின் கைபட்டு மாறுவதையும், கவனித்தால் மீள்வதையும் நாம் அறிந்தோம். உங்கள் புட்டியைத் திறந்து பார்க்கப்போகிறவர் இன்னும் பிறந்திருக்கமாட்டார். அவர் என்ன கருவி கொண்டு வருவார் என்பதும் நமக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு வேண்டிய மண்ணை இன்றுதான் எடுத்து வைக்க முடியும்.